‘மெசின் போடவா, வேண்டாமா?’ என்பது சரியான கேள்வியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தம் தந்தைக்குப் பொருத்தியிருந்த சுவாசக் கருவியை அகற்றச் சம்மதித்த தம்பியை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் தங்கள் நாளேட்டில் படித்தேன். “மெசினைக் கழற்றியதுதான் அப்பாவைக் கொன்றது” என்று அவர் முடித்திருந்தார். அவருடைய துக்கத்தோடு வாதாட நான் வரவில்லை. ஆனால் இதே வாக்கியம் நம் தோட்டப்புற வீடுகள் பலவற்றில், கருமாதி முடிந்து ஆண்டுகள் போன பிறகும் உடன்பிறந்தவர்களை ஒரே பந்தியில் உட்காரவிடாமல் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் தாதியாகவும், அதில் பாதிக்கு மேல் ஐ.சி.யு. எனப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேலை பார்த்தவள் என்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுவாசக் கருவி மருந்து அல்ல. அது எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. நாம் இயல்பாக மூச்சு விடும்போது மார்பு விரிந்து காற்றை உள்ளே இழுக்கிறது. கருவியோ காற்றை வெளியிலிருந்து அழுத்தி நுரையீரலுக்குள் தள்ளுகிறது. அதற்காக வாய் வழியாக ஒரு குழாயைச் செலுத்தி, குரல்நாண்களைக் கடந்து மூச்சுக்குழாயில் நிறுத்துகிறார்கள். குழாய் உள்ளே இருக்கும்வரை நோயாளியால் ஒரு சொல்லும் பேச முடியாது. விழிப்பு வந்தால் குமட்டும், கை தானாகக் குழாயைப் பிடுங்கப் போகும். ஆகவே மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்கும், சிலருக்குக் கையைக் கட்டிலோடு துணியால் கட்டவும் நேரிடும். சளியை அவராகக் காறித் துப்ப முடியாததால் அவ்வப்போது இன்னொரு மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்போது முகம் சிவந்து, தோள் தூக்கிப்போடும். சிலருக்குக் கண்ணோரம் நீர் வழியும். பார்வையாளர் நேரத்தில் குடும்பத்தார் பார்ப்பது துடைத்து, தலை வாரி, கழுத்துவரை போர்த்திவிட்ட உடம்பை. மீதி நேரத்தைப் பார்த்தவர்கள் நாங்கள்.

இப்படிச் சொல்வதால் நான் கருவிக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். 1952-இல் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொத்துக் கொத்தாக உயிர்களைக் கொண்டுபோனபோது, பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் வழியைக் காட்டினார். ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாக அந்தப் பைகளை அமுக்கினார்கள். இறப்பு பாதிக்கு மேல் குறைந்தது. உலகில் ஐ.சி.யு. என்ற பிரிவு பிறந்ததே அந்த அனுபவத்தில்தான். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நோயாளிகளுக்கு மூச்சுத் தசைகள் சில வாரங்கள் செயலிழந்திருந்தன. அவை மீளும்வரை காற்றுத் தேவைப்பட்டது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது போன்ற வேலை அது. கடும் நிமோனியா, பாம்புக்கடி, சாலை விபத்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல், டெங்கி என்று முட்டுக் கொடுத்தால் எழுந்து நிற்கக்கூடியவர்கள் நிறையவே உண்டு. அப்படி எழுந்து வீட்டுக்கு நடந்துபோனவர்கள் தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு வார்டுக்கு வந்ததையும் நான் மறக்கவில்லை. வேர் அழுகிய வாழைக்கு முட்டு என்ன செய்யும் என்பதுதான் இங்கே உள்ள சிக்கல்.

முதுமை, பத்து இருபது ஆண்டுச் சர்க்கரை நோய், அதனால் பழுதான சிறுநீரகம், பலவீனப்பட்ட இதயம், அதன் மேல் இரத்தத்தில் பரவிய தொற்று: நான் பார்த்த ஐ.சி.யு. கட்டில்களில் நம்மவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வந்து சேர்ந்தார்கள். 2019-இல் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த அளவு இன்னும் அதிகம். இத்தகைய உடம்பில் கருவி மூச்சை மட்டும் பார்த்துக்கொள்ளும். இரத்த அழுத்தம் விழாமல் தாங்க ஒரு மருந்து, அது போதாமல் இரண்டாவது, சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ், மூக்கு வழியாகப் பால் என்று ஒவ்வொன்றாகச் சேரும். படுத்த படுக்கையில் தசைகள் கரையும். வேலை இல்லாததால் மூச்சு இழுக்கும் உதரவிதானத் தசையும் நாளுக்கு நாள் நலியும். அதனால்தான் மருத்துவர்கள் உடல்நிலை இடம் கொடுத்தவுடன் அரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ நோயாளியைத் தாமாக மூச்சு விடவைத்துப் பரிசோதிக்கிறார்கள். அந்தச் சோதனையில் திரும்பத் திரும்பத் தோற்பவரின் குடும்பத்தைத்தான், ஏறக்குறைய இரண்டு வாரம் ஆன நிலையில், வாய்க் குழாய்க்குப் பதிலாகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதைப் பற்றிப் பேச அழைப்பார்கள்.

இப்போது என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. அங்கே பணியாற்றியவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

என் மூத்த அண்ணன் பால்மரக் காலத்தில் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு குலை வெட்டியவர். 71 வயது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், புகையால் கெட்ட நுரையீரல். ஒரு நாள் நள்ளிரவுக்கு மேல் மூச்சுத் திணறி அவரைக் கொண்டுபோனபோது உடன் இருந்தது அண்ணியும் கடைசி மகனும் மட்டுமே. பெரியவன் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான், மகள் கோலாலம்பூரில். அவசரப் பிரிவின் நடைபாதையில், ஒரு கையில் கோப்பும் இன்னொரு கையில் ஒலித்துக்கொண்டிருந்த கைபேசியுமாக வந்த இளம் மருத்துவர், “நாக் பாசாங் மெசின் கே தாக்?” என்று கேட்டிருக்கிறார். மெசின் போடவா, வேண்டாமா. இருபத்தாறு வயதுப் பையன் என்ன சொல்வான்? “எல்லாத்தையும் பண்ணுங்க டாக்டர்” என்றான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அண்ணனையும் அக்காளையும் அவன் எந்த முகத்தோடு பார்ப்பான்?

பத்தொன்பது நாள். பன்னிரண்டாவது நாள் கழுத்தில் துளையிடுவது பற்றிப் பேச்சு வந்தபோது மூத்தவன் சரி என்றான், மகள் வேண்டாம் என்றாள், கடையில் காப்பி வாங்கப் போன இடத்தில் இருவரும் சத்தம் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான் அண்ணி, யாரும் கேட்காமலேயே, என்னிடம் ஒன்று சொன்னார். ஆறு மாதம் முன்பு பக்கத்து லயத்துக்காரர் ஒருவர் இதே மாதிரி கிடந்து இறந்தபோது, சாவு வீட்டிலிருந்து திரும்பிய அண்ணன் கால் கழுவிக்கொண்டே சொன்னாராம்: “பால் நின்ன மரத்துல கத்தி போட்டா பட்டைதான் புண்ணாவும். எனக்கு அந்தக் குழாயெல்லாம் வேணாம்.” மரம் வெட்டியவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. பட்டை காய்ந்து பால் நின்றுபோன மரத்தை என்னதான் கத்தி தீட்டி வெட்டினாலும் கோப்பையில் ஒரு சொட்டு விழாது.

“ஏன் அண்ணி இதை முதல் நாளே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “என்னை யாரு கேட்டா?” என்றார். உண்மைதான். மருத்துவர் கேட்கவில்லை, பிள்ளைகள் கேட்கவில்லை; இரண்டாம் நாளே வந்துசேர்ந்த, முப்பது ஆண்டு இதே வேலை பார்த்த நானும் கேட்கவில்லை. திரையில் ஓடிய எண்களைப் படித்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணி தம் கைப்பையில் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். பால் ஊற்றுவதற்கு. கடைசி நாள் அதை வெளியே எடுத்தபோதுதான், ஊற்றுவதற்கு வாய் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. குழாய் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த பிளாஸ்திரி உதட்டோரத் தோலை உரித்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கிண்ணத்தோடு நின்றவரைப் பார்த்துவிட்டு, பணியில் இருந்த மலாய்த் தாதி எதுவும் பேசாமல் ஒரு பஞ்சுக்குச்சியைக் கொண்டுவந்து பாலில் நனைத்து, அண்ணியின் கையிலேயே கொடுத்து, கீழ் உதட்டின் உட்புறம் தடவச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு நம் வழக்கத்தை யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

ஆகவே, வாசகரின் கடிதத்துக்குத் திரும்புகிறேன். கருவியை அகற்றுவது கொலை என்றால், அகற்றிய எல்லோரும் உடனே இறந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் கேரன் ஆன் குவின்லன் என்ற இளம்பெண் நினைவு திரும்பாமல் கிடந்தபோது, சுவாசக் கருவியை அகற்ற அவருடைய பெற்றோர் நீதிமன்றம் சென்றார்கள். 1976-இல் மாநில உச்ச நீதிமன்றம் இசைந்தது. கருவியை எடுத்த பிறகு அவர் தாமாகவே மூச்சு விட்டு, 1985 வரை உயிரோடு இருந்தார். கருவி எடுக்கப்பட்டதும் உடம்பு என்ன செய்கிறது என்பதை நோய்தான் தீர்மானிக்கிறது. எடுத்தபின் ஒருவர் இறந்தால், அதுவரை கருவி தள்ளிவைத்திருந்த அவருடைய நோயால் இறக்கிறார். உயிரை முடிப்பதற்கென்றே ஊசி போடுவது வேறு. அது இந்நாட்டில் குற்றம், எந்த ஐ.சி.யு.விலும் அது நடப்பதில்லை. மூளைச்சாவு என்பதும் வேறு விஷயம்: அங்கே இரு சிறப்பு மருத்துவர்கள் சோதித்து, நோயாளி இறந்துவிட்டார் என்றே உறுதி செய்கிறார்கள், அதற்குப் பிறகு குடும்பம் முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லை. இந்த மூன்றையும் நம் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதற்கு, நடைபாதையில் அரைகுறை மலாயில் நடக்கும் அவசர உரையாடல் ஒரு காரணம்.

கருவியைப் போடாமல் விடுவதும், போட்டபின் எடுப்பதும் அறநெறிப்படி ஒன்றே என்று மருத்துவ நெறிமுறைகள் சொல்கின்றன. ஆனால் மனம் அப்படி நினைப்பதில்லை, மருத்துவர்களின் மனமும்கூட. 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 16 ஆசிய நாடுகளிலும் பகுதிகளிலும் உள்ள 1,465 ஐ.சி.யு. மருத்துவர்களிடம் கேட்டார்கள். மீள வாய்ப்பில்லாத நோயாளிக்குப் புதிய உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது வழக்கம் என்றவர்கள் ஏறக்குறைய 70 விழுக்காடு. தொடங்கியதை நிறுத்துவது வழக்கம் என்றவர்கள் 21 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நம் பக்கத்தில் ஏறிய வண்டியிலிருந்து இறங்குவது கடினம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதனால்தான் ஏறும்போதே எங்கே இறங்குவது என்று பேசிக்கொள்ள வேண்டும் என்கிறேன். “ஐந்து நாள் பார்ப்போம், அதற்குள் மருந்தின் அளவு குறைய வேண்டும், ஆக்சிஜன் தேவை குறைய வேண்டும், குறைந்தால் தொடர்வோம், கூடினால் உட்கார்ந்து பேசுவோம்” என்று நாள் குறித்துத் தொடங்கும் முறை உலகெங்கும் ஐ.சி.யு.க்களில் உண்டு. அப்படித் தொடங்கிய குடும்பங்களில் சண்டை குறைவாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன். முதல் நாளே சொல்லிவைத்திருப்பதால் ஐந்தாம் நாள் வரும் செய்தி யாருடைய துரோகமாகவும் தெரிவதில்லை.

கருவியை எடுத்த பிறகு நோயாளியைத் தவிக்கவிட்டுவிடுவார்கள் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. முறையாகச் செய்யும் இடத்தில் முதலில் மூச்சுத் திணறல் தெரியாதிருக்க மார்ஃபின் கொடுப்பார்கள், அலாரத்தை அடக்குவார்கள், திரையை அணைத்துவிடுவார்கள், அப்போதுதான் வீட்டார் எண்களை விட்டு முகத்தைப் பார்ப்பார்கள். பிறகே குழாயை எடுப்பது. சிலர் நிமிடங்களில் போவார்கள், சிலர் சில மணி நேரம், அரிதாகச் சிலர் நாட்கணக்கில் இருப்பார்கள். இது முன்கூட்டியே குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால், “இன்னும் மூச்சு இருக்கிறதே, அவசரப்பட்டுவிட்டோமோ” என்று யாரும் தலையில் அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் மக்கள் காலங்காலமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் இன்னொரு வழி, ‘ஏ.ஓ.ஆர்.’, அதாவது சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது. உயிர் வீட்டில் பிரிய வேண்டும் என்ற விருப்பத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். அம்புலன்ஸில் கையால் பையை அமுக்கிக்கொண்டு செம்மண் சாலையில் பல முறை போயிருக்கிறேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே போவோம், குழியில் வண்டி குலுங்கும்போது எண்ணிக்கை தவறும். கூடத்தில் பாய் விரித்து, விளக்கேற்றி வைத்திருப்பார்கள். குழாயை எடுத்ததும் வரிசையாகப் பிள்ளைகள் பால் ஊற்றுவார்கள். அழகான சாவு என்று சொல்லத் தகுந்தவை அவற்றுள் சில. ஆனால் சிலருக்கு அந்தக் கடைசி மணி நேரங்கள் கொடுமையாக இருந்தன, ஏனென்றால் ‘சொந்தப் பொறுப்பு’ என்று கையெழுத்துப் போட்ட வீட்டில் வலிக்கும் திணறலுக்கும் மருந்து இருக்காது, கூப்பிட்டால் வர ஆளும் இருக்காது. இங்குதான், குணமாகாத நோயாளியின் வலியையும் திணறலையும் தணிக்கும் நோய்த்தணிப்புச் சேவை தேவைப்படுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் வீடு தேடிப் போகிறது. ஈப்போவிலும் பேராக் நோய்த்தணிப்புச் சங்கம் இருக்கிறது. சுகாதார அமைச்சு 2019 முதல் 2030 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. அது பெரிய நகரங்களைத் தாண்டித் தோட்டச் சாலைகளுக்குள் வர வேண்டும் என்று கேட்கும் குரல் நம்மிடமிருந்தே எழ வேண்டும். நம் தலைவர்கள் மண்டபத்துக்கும் கோபுரத்துக்கும் மானியம் கேட்பதோடு இதையும் ஒருமுறை கேட்கலாம்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்துக்கென்று மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. எனினும் மலேசிய மருத்துவ மன்றத்தின் ஒப்புதல் வழிகாட்டி, நோயாளி தெளிவாக எழுதிவைத்த விருப்பத்தை மருத்துவர் மதிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018-இல் இதற்கு இடம் கொடுத்து, நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால் 2023-இல் எளிமைப்படுத்தியது. ஆக, எழுதிவைப்பது வீண்வேலை அல்ல. ஆனால் காகிதத்துக்கு முந்தியது பேச்சு. நம் வீடுகளில் சாவைப் பற்றிப் பேசினாலே “வாயைக் கழுவு” என்பார்கள். இன்சூரன்ஸ் முகவர் வந்தால் மட்டும் அதே பேச்சை நடுக்கூடத்தில் உட்காரவைத்துக் காப்பியும் கொடுப்போம்!

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. மருத்துவர்கள் ‘நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்’ என்று பிள்ளைகளிடம் கேட்பதை விட்டுவிட்டு, ‘உங்கள் அப்பா இப்போது எழுந்து உட்கார்ந்து தம் நிலைமையைத் தாமே கேட்டால் என்ன சொல்வார்’ என்று கேட்க வேண்டும். முதல் கேள்வி பிள்ளையை நீதிபதியாக்குகிறது. ‘வேண்டாம்’ என்று சொன்ன பிள்ளை ஆயுள் முழுதும் குற்றவாளியாகத் திரிகிறான், கடிதம் எழுதிய வாசகரின் தம்பியைப் போல. இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை வெறும் சாட்சி. அப்பா சொன்னதைச் சொன்னால் போதும். மருத்துவ முடிவின் பாரத்தை மருத்துவர்கள் சுமக்கட்டும், அதற்குத்தான் அவர்கள் படித்திருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நாற்காலி போட்டு உட்காரவைத்து, தமிழ் தெரிந்த ஒரு தாதியையோ உதவியாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் அதிகம் பேசாத அந்த அம்மாவையும் பார்த்துக் கேட்க வேண்டும். வாசகர் தம் தம்பியிடம் இனிமேலாவது, “அப்பா உன்னிடம் ஏதாவது சொல்லியிருந்தாரா?” என்று கேட்டுப் பார்க்கலாம்.

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. அண்ணி தம் விருப்பத்தைப் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் தமிழில் எழுதி, அடையாளக் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். நெஞ்சுச் சளிக் காய்ச்சல் மாதிரி தேறக்கூடியது என்றால் ஐந்து நாள் மெசின் வைத்துப் பார்க்கலாமாம். தேறாது என்றால் வேண்டாமாம். கடைசி வரியில், பால் ஊற்றும்போது வாய் காலியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அதை மலாயில் மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். மூன்று பிள்ளைகளும் படித்துப் பார்த்துவிட்டார்கள். மருத்துவரின் கையெழுத்து மட்டும் பாக்கி; அடுத்த மாதம் அண்ணிக்குச் சர்க்கரைக் கிளினிக்கில் தவணை இருக்கிறது, நானும் உடன் போகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேராக்.